சொன்னால் போய்விடும் மருந்து

ஷார்ஜாவில் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் உடல்நல அட்டை வைத்திருக்கிறார்கள். அதில் ‘தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள்’ என்று ஒரு கட்டம். யாழினியின் அட்டையில் அந்தக் கட்டத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று, வீசிங் வந்தால் இழுத்துக்கொள்ளும் இன்ஹேலரின் பெயர். இன்னொன்று, கன்னியம்மா. கன்னியம்மா என்பது தாம்பரத்தில் எங்கள் காலனிக்கு மீன் கொண்டுவரும் பெண்ணின் பெயர். அவர் அரபு நாட்டுப் பள்ளிக்கூடத்து ஆவணத்தில் மருந்தாக ஏறியதற்கு நான்தான் காரணம்.

அட்டையை நிரப்பியவர் பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸ். சிரித்த முகம். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேறு வேறு பள்ளிக்கூடங்களில் படித்தவை.

“மெடிசின் நேம், சார்?”

“பவுடர்.”

“பவுடர் நேம்?”

“நேம் கிடையாது. கன்னியம்மா கொடுத்தது.”

அதை ஏதோ கம்பெனியின் பெயர் என்று நினைத்து எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்து, அந்தப் பவுடரில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றார். தெரியாது என்றேன். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “யுவர் டாட்டர் ஈட்டிங், சார். யூ டோன்ட் நோ?” கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் என் பிழைப்பே அந்தக் கேள்விதான். ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. பெயிண்ட் டிரம்மோ பசை டப்பாவோ எது வந்தாலும், உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் தாள் கூடவே வரவேண்டும். தாள் இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் லாரியைத் திருப்பும்போது டிரைவர்கள் உருதுவில் என்னென்னவோ சொல்வார்கள். புரிந்தாலும் புரியாத மாதிரி நிற்பேன். அப்படிப்பட்டவன் வீட்டில், பழைய ஊறுகாய் பாட்டிலில் இருந்த பச்சையும் பழுப்புமான ஒரு பொடியைத் தினமும் காலையில் தேனில் குழைத்துப் பெற்ற பெண்ணுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மா கோவளத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் தாம்பரம் வருபவர். சேலையூரில் எங்கள் தெருவுக்கு வரும்போது மணி எட்டு ஆகியிருக்கும். தலையில் அலுமினிய அன்னக்கூடை, இடுப்பில் சுருக்குப்பை. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நாற்பதை ஒட்டி. அங்கே எங்கள் வீட்டில் இப்போது இருப்பவள் என் அக்கா சாந்தி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மீனுக்குப் பேரம் பேசுவதில் இருவரும் சளைத்தவர்கள் அல்ல. பேரம் முடிந்து அக்கா கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுத்தான் கன்னியம்மா அடுத்த வீட்டுக்குப் போவார்.

யாழினிக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தோம். பாலைவனத்துத் தூசியும் எந்நேரமும் ஓடும் ஏசியும் சேர்ந்து அவள் நெஞ்சைப் பிடித்திருந்தன. தூங்கும்போதுகூட உள்ளே சன்னமாக ஒரு சத்தம் கேட்கும். அது நின்றால் பயம், நிற்காவிட்டாலும் பயம் என்று என் மனைவி மாலதி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் காலை கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கிய கன்னியம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னாக்கா, கொயந்தை நெஞ்சுல பூன கத்துது?”

மறுநாளே காகிதத்தில் மடித்த பொட்டலத்தோடு வந்தார். அதற்குச் சில முறைகள் இருந்தன. அன்றைய போணி ஆவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். விற்றுக் காசு வாங்கிய கை மருந்து தரக்கூடாது. காசும் வாங்கமாட்டார். மாலதி வற்புறுத்தி ஒரு புடவை கொடுத்தபோது, “இத்தக் கட்டிகினா மருந்து பலிக்காம பூடும்” என்று அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரத்தில் யாழினி தெருவில் சைக்கிள் ஓட்டினாள். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நாங்கள் ஒருநாளும் நிறுத்தவில்லை. ஊர்க் காற்றினாலும் இருக்கலாம். ஆனால் ஒரு குழந்தை முழு மூச்சு விட்டுத் தூங்குவதைப் பார்த்த பெற்றோருக்கு, எதனால் என்று பிரித்துப் பார்க்கும் புத்தி இருக்காது.

அடுத்த விடுமுறையில் ஒரு பாட்டில் நிறைய வாங்கி, பெட்டியில் ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தோம். யாரும் கேட்கவில்லை. நர்ஸ் கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று உறைத்தது. மறுநாள் சாப்பாட்டு வேளையில், என்னோடு வேலை செய்யும் ரஃபீக் பாயிடம் சொன்னேன். கையில் எடுத்த கவளத்தை அவர் அப்படியே நிறுத்தினார்.

“ஏங்க, வெளயாட்டா இது? அதுல கசகசா கிசகசா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஏர்போர்ட்லயே முடிஞ்சுது கதை.”

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்குவது கடினம். நமக்குக் கசகசா என்றால் குருமா. கல்யாணப் பந்தியில் பாயசம். இங்கே அது போதைச் செடியின் விதை. வைத்திருந்தாலே குற்றம், தெரியாமல் வைத்திருந்தேன் என்பது பதில் இல்லை. ஆகவே இங்குள்ள தமிழ் வீடுகளில் குருமாவுக்கு முந்திரியை அரைத்து ஊற்றுகிறோம். கெட்டியாகத்தான் வருகிறது. என்னவோ ஒன்று குறைகிறது என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமை விருந்திலும் யாராவது ஒருவர் சொல்வார். இதைப் படித்துவிட்டு வெளிநாட்டுக்குச் சூரணம், லேகியம் எடுத்துப்போகிறவர்கள் யாராவது இருந்தால், அந்தந்த நாட்டின் தடைப்பட்டியலை முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு நாட்டில் சமையலறைச் சாமான், அடுத்த நாட்டில் குற்றப்பத்திரிகை. நான் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகும் தப்பு செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாட்டிலில் மிச்சமிருந்ததை அன்று மாலையே கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். மாலதி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலம் எங்களுக்கு மோசமாகப் போனது. மணற்காற்று அடித்த ஒரு வாரத்தில் இரண்டு முறை மருத்துவமனைக்கு ஓடினோம். முகமூடி வழியாக மருந்துப் புகையை இழுத்துக்கொண்டே யாழினி என்னைப் பார்ப்பாள். பேச முடியாததால் கண்ணாலேயே பேசுவாள். “எப்படியாவது அந்தப் பொடியை முறைப்படி கொண்டுவர வழி பாருங்க” என்றாள் மாலதி. முறைப்படி என்ற சொல்லை அவள் சொன்னதும் எனக்குள் இருந்த ஸ்டோர்ஸ்காரன் விழித்துக்கொண்டான்.

2006 ஜூலையில் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக மேற்குத் தாம்பரத்தில் டிக்கெட் போடும் கடைக்குப் போய்க் கேட்டேன். அந்தக் கடைக்காரர் கூடுவாஞ்சேரியில் மனையும் விற்றார். மனைக்கான வரைபடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு விரல்விட்டுச் சொன்னார்.

“பவுடர்னாலே பேஜார்தான் சார். ரிஜிஸ்டர் பண்ண டாக்டர்கிட்ட சீட்டு வேணும். யாருக்கு, எதுக்குன்னு லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கணும். என்னென்ன சேர்ந்திருக்குன்னு ஒவ்வொண்ணா இருக்கணும். ஒரு ஐட்டம் விட்டாலும் பொறுப்பு உங்களுதுதான்.”

அக்காவுக்குத் தெரிந்த சித்த மருத்துவர் ஒருவரிடம் போனேன். கன்னியம்மா அந்த விடுமுறைக்குக் கொடுத்திருந்த பொடியைப் பார்த்தார், முகர்ந்தார். “நல்ல மருந்து மாதிரிதான் தெரியுது. ஆனா சேர்மானம் தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? போய்க் கேட்டுட்டு வாங்க” என்றார். நியாயமான பேச்சு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் லாரியைத் திருப்பியிருப்பேன்.

மறுநாள் காலை கன்னியம்மா காபி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“அத்த மட்டும் கேக்காதண்ணா.”

“ஏன் கன்னியம்மா? நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. கவர்மென்ட்டுக்கு எழுதிக் கொடுக்கணும், அவ்வளவுதான்.”

“அது வேற. என் வூட்டுக்காரரோட அண்ணி, என் ஓரகத்தி, அவதான் எனக்கு இத்தச் சொன்னா. அவ சொன்ன அன்னியோட அவ கைல பலிக்கல. சொன்னா பூடும்ண்ணா. கேட்டவங்க கைக்குப் பூடும். ரெண்டு கைல நிக்காது அது.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. மூடநம்பிக்கை என்று வாய்வரை வந்தது. அவர் போன பிறகு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். “எல்லாத்தையும் இப்படி நோண்டி நோண்டி கேட்டா என்னடா அர்த்தம்? அவ இந்த ஏரியால எத்தனை குழந்தைக்குக் குடுக்கறா தெரியுமா? உனக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேணும்னு அதை அவ விட்ரணுமா?” எனக்கு மட்டும் வேடிக்கையா, குழந்தைக்காகத்தானே என்று நானும் கத்தினேன். மாலதி யாழினியை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்றிரவே யாழினிக்கு இழுப்பு வந்து கேம்ப் ரோட்டில் ஒரு கிளினிக்குக்கு ஆட்டோவில் போனோம். அக்காதான் அவளை மடியில் வைத்திருந்தாள். திரும்பி வரும்போது அக்கா என்னைத் திட்டவில்லை.

மறுநாள் கன்னியம்மாவிடம் அக்கா என்ன சொன்னாளோ, அவளைத்தான் கேட்க வேண்டும். கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் கன்னியம்மா வந்தார். தலையில் கூடை இல்லை. தலைக்குக் குளித்து, முடியின் நுனியில் முடிச்சு போட்டிருந்தார். கூடை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை, சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

“டீச்சரக்கா சொல்லிச்சே, மெய்யாலுமாண்ணா? இன்னா கீதுன்னு தெரியாம எட்த்துனு போனா உள்ள தூக்கிப் போட்ருவானா?”

“போடலாம்.”

“நீ உள்ள பூட்டா அந்தக் கொயந்தைய யாரு பாத்துக்குவா? எனக்கு மருந்தா பெர்சு? போய்க் கை காலக் கய்விகினு வா.”

கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். எதிரில் அவர் உட்கார்ந்தார். அக்காவையும் மாலதியையும் உள்ளே போகச் சொன்னார். பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“எய்தாத. காதால வாங்கு. காயிதத்துல வாங்குனா காயிதத்துக்குத்தான் போவும்.”

நோட்டை மூடிவைத்தேன். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். ஆடாதோடை இலை, நிழலில் காய்ந்தது. தூதுவளை, முள் எடுத்தது. திப்பிலி. சித்தரத்தை. அதிமதுரம். மிளகு, இவ்வளவு என்று உள்ளங்கைக் குழியைக் காட்டினார். ஒவ்வொன்றாக வர வர எனக்குள் ஒரு நிம்மதி பரவிக்கொண்டே இருந்தது. எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை. எதுவும் தடைப்பட்டியலில் இல்லை. ஆறு விரல் மடங்கிவிட்டது. ஏழாவதை மடக்கினார்.

“கடசியா, கசகசா. வாணல்ல பேருக்கு வாட்டணும், செவக்கக் கூடாது. அத்தப் போட்டாதான் கொயந்தை இருமாம தூங்கும்.”

என் முகம் மாறியதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். லேசாகச் சிரித்தார். “இம்மாந்தானான்னு பாக்கறியா? கொயம்புல போடறதுதான். அத்தான் யாருக்கும் தோணாது.”

சொல்லித்தான் ஆகவேண்டும். “கன்னியம்மா, அந்த ஊர்ல கசகசா கூடாதுங்க.”

“கூடாதுன்னா? துன்னக் கூடாதா?”

“வெச்சிருக்கவே கூடாது. ஜெயில்.”

“கசகசா இன்னா பண்ணுச்சி அவங்கள?”

அந்தச் செடியின் காயைக் கீறினால் அபின் வரும், விதையும் அதே காயில்தான் இருக்கிறது என்று விளக்கினேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பதுபோல் இருந்தது எனக்கே. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மடக்கிய விரலை இன்னும் பிரிக்கவில்லை.

“அப்போ நான் சொன்னது?” என்றார்.

முன்பு, பார்த்த பிறகும் தப்பு செய்தேன் என்றேனே, அது இதுதான். தடைப்பட்டியலை அவர் முன்னால் படித்துக் காட்டி, இதில் ஏதாவது உங்கள் மருந்தில் உண்டா என்று மட்டும் கேட்டிருக்கலாம். கசகசா வந்ததும் ஆமாம் என்று தலையை ஆட்டியிருப்பார். சரி, எடுத்துப்போக முடியாது என்று அப்போதே தெரிந்திருக்கும். மருந்து அவரிடமே இருந்திருக்கும். ஆனால் பதினொரு வருடமாக முழுத் தாள் கேட்டே பழகியவன் நான். எல்லாவற்றையும் சொல்லவைத்து, எதையும் எடுத்துப்போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. மன்னிச்சிடுங்க என்றேன். அது காதில் விழாததுபோல் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“கசகசா இல்லாம ஆறு சரக்க மட்டும் இட்ச்சுத் தர முடியுமா?” அவருடைய பேச்சு என் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

“என் கைய வுட்டுப் பூட்சி. இனிமே நீதான் இடிக்கணும். ஆனா ஒண்ணுண்ணா, ஆற இட்ச்சிட்டு அத்த மருந்துன்னு சொல்லாத. பொடின்னு சொல்லு.”

கேட்டைத் திறந்துகொண்டு போனார். காபி குடிக்காமல் அவர் அந்த வீட்டிலிருந்து போனது அன்றைக்குத்தான்.

பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. ஸ்டேஷன் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் ஆறு சரக்கும் வாங்கினேன். அக்காவின் மிக்ஸி ஜாரில் எத்தனையோ முறை குருமாவுக்குக் கசகசா அரைபட்டிருக்கும் என்று நினைத்ததும் போய்ப் புது ஜார் வாங்கினேன். சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலைப்பின்னலில் வெள்ளையாக ஒற்றை விதை ஒட்டியிருந்தது. சல்லடையும் புதிதாயிற்று. “தூசியைவிடச் சின்னதாடா இருக்கு, இதுக்கா இவ்ளோ டென்ஷன்?” என்றாள் அக்கா. ஊசியால் அதைக் குத்தி எடுத்துத் தோட்டத்தில் போட்டேன். சித்த மருத்துவர் ஆறு பெயர்களையும் தாவரவியல் பெயரோடு எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். வேறு ஏதாவது சேருமா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன்.

மீனம்பாக்கத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஷார்ஜாவில் இறங்கியதும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சுங்க அதிகாரி இளைஞர், மரியாதையானவர். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

“டீ?”

“மெடிசின். ஃபார் டாட்டர்.”

கடிதத்தைப் படித்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, மிளகு ஏறி இரண்டு தும்மல் தும்மினார். இருவரும் சிரித்தார்கள். யாழினியும் சிரித்தாள். இளைஞர் என்னிடம் திரும்பி, இதில் எழுதியிருப்பது மட்டும்தானா, வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். முழு உண்மை அது. ஆனாலும் பொய் சொல்கிறவனைப்போல் முதுகெல்லாம் வியர்த்தது. மருந்துக்குத் துரோகம் செய்தது போலவும் இருந்தது. ‘மெடிசின்’ என்று வேறு சொல்லிவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் யாழினிக்கு டாக்டர் இன்ஹேலரை மாற்றிக் கொடுத்தார். காலையில் தேனில் பொடியும் கொடுத்தோம். ஒரு முறைதான் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. எது கேட்டது என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு மனிதர் நம்மை நம்பிக் கொடுத்ததை அரைகுறையாக வைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற உறுத்தல் மட்டும் ஒவ்வொரு காலையும் ஸ்பூனைத் தொடும்போது வந்தது.

ஜனவரியில் அக்கா போன் செய்தாள். பின் தெருவில் ஒரு பெண்ணின் கைக்குழந்தைக்கு இழுப்பு. டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள், கூடவே கன்னியம்மாவிடமும் கேட்டிருக்கிறார்கள். அவர் தர மறுத்துவிட்டாராம். அது மூன்றாவது வீடு என்றாள் அக்கா.

“என் கைல இல்ல, துபாய்க்கார அண்ணா கைல கீது, அவரு வந்தா கேளுங்கன்னு சொல்லி அனுப்பறாடா. நான் எவ்வளவோ சொல்லிட்டேன். உனக்குத்தான் சேர்மானம் தெரியுமே, பழையபடி இடிச்சுக் குடேன்னா, அவளுக்குப் பயம். பலிக்காத மருந்தைக் குழந்தைக்குக் குடுக்கற பாவம் எனக்கு வேணாங்கறா.”

ஷார்ஜாவும் துபாயும் அவருக்கு ஒன்றுதான். அதுவல்ல என்னை வதைத்தது. மருந்து இருக்கும் கை இங்கே. அந்தக் கைக்கு ஏழாவது சரக்கைத் தொட இங்கே அனுமதி இல்லை. அங்கே கடைக்குக் கடை கசகசா கிடைக்கிறது, இடிக்க ஆள் இல்லை. நான் போய்ச் சேர இன்னும் ஏழு மாதம் ஆகும். இரண்டு நாள் வேலையில் மனம் போகவில்லை. தாள் இல்லாமல் வந்த ஒரு லாரியைக் கவனிக்காமல் உள்ளே விட்டுவிட்டு, ரஃபீக் பாய் சொன்ன பிறகு ஓடினேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. அதை மாலதியிடம் சொன்னேன்.

“நீங்க இதையெல்லாம் நம்பறீங்களா?” என்றாள்.

“தெரியல. அவங்க நம்பறாங்க.”

“அப்ப நம்ம பொடி?”

“அவங்க முறைப்படி பார்த்தா அதுவும் போயிடும். நான் இடிக்கக் கூடாது.”

மாலதி யாழினியின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். “அதனாலதான் அவ தூங்கறாளோ என்னவோ, யாருக்குத் தெரியும்” என்றாள். எனக்கும் அதே பயம்தான். பிறகு அவளே சொன்னாள்: “சரி. அவங்களோடது அவங்ககிட்டயே போகட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை அக்காவின் மொபைலுக்குப் போட்டேன். கன்னியம்மாவை உட்காரவைத்திருந்தாள்.

“சொல்லுண்ணா. கொயந்தைக்கு எப்டி கீது?”

“பரவாயில்லீங்க. கன்னியம்மா, கேட்டவங்க கைக்குத்தானே போகும் மருந்து? நான் உங்களுக்கே சொல்லிடறேன். நீங்க கேட்டுக்கங்க.”

அவர் சிரித்தார். “எனக்கேவா? அப்டி யாரும் பண்ணதில்லண்ணா.”

“பண்ணக் கூடாதுன்னு உங்க ஓரகத்தி சொன்னாங்களா?”

“அப்டி ஒண்ணியும் சொல்லல.” உடனே எச்சரித்தார். “ஆனா உன் கைய வுட்டுப் பூடும். அந்த ஆறையும் நீ இடிக்கக் கூடாது. ரோசன பண்ணிக்கோ, புள்ளயப் பெத்தவன் நீ.”

“பண்ணிட்டோம்.”

“அப்போ கெயக்கு பாத்து உக்காரு. நானும் திரும்பிக்கறேன்.”

பால்கனிக் கதவோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஷார்ஜாவில் கிழக்கு என்றால் ஊர்ப்பக்கம். எதிர்க் கட்டிடங்கள், அவற்றுக்குப் பின்னால் மணல், அதற்கு அப்பால் கடல், அதையும் தாண்டினால் தாம்பரம். ஆடாதோடை என்று தொடங்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பக்கம் “ஆங்” என்றார். தூதுவளை, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், மிளகு. ஏழாவதைச் சொல்லும்போது குரல் தானாகத் தணிந்தது. “கெட்டியா சொல்லு, காதுல வுழல” என்றார். கசகசா என்று உரக்கச் சொன்னேன்.

“வந்துச்சி” என்றார் கன்னியம்மா. “இனிமே நீ மறந்துடு. லீவுக்கு வரசொல்லோ கொயந்தையக் கூட்டிகினு வா, என் கையால தரேன்.”

போன் நின்றது. நாற்காலியைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவரும் கிழக்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கிழக்கு என்றால் கடல். ஏழு பெயர்களையும் நான் அவருடைய முதுகைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.